இரண்டு நிமிட ஓட்டத்துக்கு எவ்வளவு ஓட வேண்டும்?

2012 ஆகஸ்ட் 9 அன்று லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருதிஷா 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி முடித்தார். முதல் சுற்றுக்கு 49.28 விநாடி, இரண்டாவதற்கு 51.63. முன்னால் ஓடி இழுத்துச் செல்ல ஆள் இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவுவரை அவரேதான் முன்னால். சராசரியாக மணிக்கு இருபத்தெட்டரை கிலோமீட்டர். நம்மில் பலரால் அந்த வேகத்தில் சைக்கிள்கூட மிதிக்க முடியாது.

இதைப் பார்க்கிறவருக்கு 800 மீட்டர் என்பது இழுத்து நீட்டிய 400 மீட்டர் என்றுதான் தோன்றும். நம் பள்ளிகளில் இன்றும் அப்படித்தான் ஆள் பிடிக்கிறார்கள். நூறிலும் இருநூறிலும் தோற்ற பையனை ‘எண்ணூறுக்குப் போ’ என்று அனுப்பிவிடுவார்கள். உடலின் கணக்கு வேறு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான ஸ்பென்சரும் காஸ்டினும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களைப் போட்டி வேகத்தில் டிரெட்மில்லில் ஓடவிட்டு, செலவாகும் ஆற்றல் எந்த வழியாக வருகிறது என்று அளந்தார்கள். 400 மீட்டரில் 43 சதவீதம் ஆக்சிஜனைப் பயன்படுத்திக் கிடைத்தது. 800 மீட்டரில் 66 சதவீதம், 1500 மீட்டரில் 84 சதவீதம். அதாவது, இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துபோகும் ஓட்டத்திலும் மூன்றில் இரண்டு பங்கு நுரையீரலும் இதயமும் கொண்டுவந்து சேர்ப்பது. மிச்சமிருக்கும் ஒரு பங்கு இல்லாமல் யாரும் பதக்கம் வாங்கியதில்லை.

நடுத்தூர ஓட்டப் பயிற்சியின் தலைவலி முழுவதும் இங்கேதான். தாங்குதிறனை வளர்க்கும் நீண்ட ஓட்டம் அளவு மீறினால் கால்கள் கூர்மை இழக்கின்றன. வேகத்தை வளர்க்கும் கடும் ஓட்டம் அளவு மீறினால் தாங்குதிறன் தேய்கிறது, உடலும் படுத்துவிடுகிறது. கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் இதற்குப் பல தீர்வுகள் வந்து போயின. ‘வேகமா, தாங்குதிறனா’ என்ற சண்டையாகவே அந்த வரலாற்றைச் சொல்வது வழக்கம். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. முன்னேற்றம் நிகழ்ந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கடுமையை எங்கே நிறுத்துவது என்று புதிதாக ஒரு விதி கண்டிருக்கிறார். அவரைப் பார்த்து எழுதியவர்கள் பயிற்சியை எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டார்கள்.

முதல் விதி ஜெர்மனியில் பிறந்தது. டிரெஸ்டன் நகரத்து ருடால்ஃப் ஹார்பிக் 1939 ஜூலை 15 அன்று மிலானில் இத்தாலியின் மாரியோ லான்சியை வென்று 800 மீட்டரை 1:46.6-இல் முடித்தார். முந்தைய சாதனையைவிட 1.8 விநாடி குறைவு. விநாடியில் பத்தில் ஒரு பங்காகச் சாதனைகள் நகரும் பந்தயத்தில் இது நம்ப முடியாத தாவல். ஹார்பிக் 1944-இல் கிழக்குப் போர்முனையில் மாண்டார். அவருடைய சாதனையை 1955 வரை யாரும் தொடவில்லை.

அவரது பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லர், ஹெர்பர்ட் ரைண்டல் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து வகுத்த முறையே பின்னாளில் இடைவெளிப் பயிற்சி என்று உலகம் முழுதும் பரவியது. நூறோ இருநூறோ மீட்டர் ஓட வேண்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறலாம். பிறகு அது 120-க்கு இறங்கும்வரை காத்திருந்து மறுபடி ஓட வேண்டும். ஓடும்போது அல்ல, ஓட்டத்துக்குப் பிந்தைய அந்த ஓய்வில்தான் இதயம் அதிக இரத்தத்தை வாங்கித் தள்ளப் பழகுகிறது என்பது அவர்கள் கருத்து. ஒன்றரை நிமிடத்துக்குள் துடிப்பு 120-க்கு இறங்கவில்லையென்றால் ஓடிய வேகம் அதிகம், அல்லது அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. ஸ்டாப்வாட்சைவிட நாடி பிடித்த விரலுக்கு அதிகாரம் தந்த முறை அது. இதயம் ஓய்வில் வளர்கிறது என்ற விளக்கத்தை இன்றைய உடலியல் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. நிறுத்தும் விதி மட்டும் இன்றும் பழுதில்லை.

போருக்குப் பிறகு எண்கள் மட்டும் பரவின. செக் வீரர் எமில் சாட்டோபெக் நாற்பது முறை 400 மீட்டர் ஓடுகிறாராம் என்ற செய்தி ஐரோப்பா முழுதும் போனது. அவர் 5000, 10,000 மீட்டர்க்காரர் என்பதும், அவற்றில் பெரும்பகுதியை மிதமான வேகத்திலேயே ஓடினார் என்பதும் கூடவே போகவில்லை. நாடி பிடித்துப் பார்க்கும் பழக்கம் போய், கடைசிச் சுற்றில் வாந்தி எடுத்தால்தான் பயிற்சி என்ற நிலை வந்தது. இன்னும் சில மைதானங்களில் அது போகவில்லை.

1954 மே 6 அன்று ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரான ரோஜர் பானிஸ்டர் மருத்துவ மாணவர். மதிய உணவு இடைவேளையில்தான் அவருக்குப் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும். பத்து முறை கால் மைல், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. ஒவ்வொன்றையும் 60 விநாடிக்குள் முடிப்பது இலக்கு. அந்த வசந்த காலத்தில் 61-இல் வந்து நின்றுவிட்டது; எவ்வளவு முயன்றும் இறங்கவில்லை. பானிஸ்டர் ஓட்டத்தை விட்டுவிட்டு நண்பர் கிறிஸ் பிராஷரோடு ஸ்காட்லாந்தில் மலையேறப் போனார். சில நாள் கழித்துத் திரும்பி ஓடியபோது 59 வந்தது. உடற்பயிற்சி நூல்கள் இதை மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. களைத்துப்போன கால்களுக்குக் கிடைத்த விடுமுறை என்று படிப்பதே பொருத்தம்.

அடுத்த பெரிய திருப்பம் நியூசிலாந்தில். ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் உடலியல் படித்தவர் அல்லர். வயதில் மூத்த ஒரு நண்பரோடு எட்டு கிலோமீட்டர் ஓடி மூச்சுத் திணறிப் போனவர், ‘மனித உடல் எவ்வளவு ஓடினால் நல்லது, எங்கே கெடுகிறது’ என்று பல ஆண்டுகள் தன் உடலிலேயே சோதனை செய்தார். வாரத்துக்குச் சில பத்து கிலோமீட்டரில் தொடங்கி முந்நூறுக்கு மேலும் போய்ப் பார்த்தார். கடைசியில் வந்து நின்ற இடம் வாரத்துக்கு நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர். ஞாயிறு காலை வையட்டருவா மலைப்பாதையில் 35 கிலோமீட்டர். மாரத்தான்காரருக்கு மட்டுமல்ல, 800 மீட்டர்க்காரருக்கும் அதே பாதை, அதே தூரம்.

எண்ணூறு மீட்டர் ஓடுகிறவன் எதற்கு 35 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று சிரித்தவர்களுக்கு 1960 செப்டம்பர் 2 அன்று ரோமில் பதில் கிடைத்தது. லிடியார்டிடம் பயின்ற 21 வயது பீட்டர் ஸ்நெல், உலக சாதனையாளர் ரோஜர் மோன்ஸைக் கடைசி அடிகளில் முந்தி 800 மீட்டர் தங்கம் வென்றார். ஒரு மணி நேரத்துக்குள் அதே மைதானத்தில் மரே ஹால்பெர்க் 5000 மீட்டர் தங்கம். அடுத்த வாரம் பாரி மெகீ மாரத்தானில் வெண்கலம். மூவருமே அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாதையில் ஓடியவர்கள்.

அதைவிட வியப்பு பின்னால் நடந்தது. 1961 டிசம்பரில் ஸ்நெல் முழு மாரத்தான் ஒன்றை ஓடினார். 1962 ஜனவரி 27 அன்று வாங்கனுயியில் ஒரு மைல் உலக சாதனை, 3:54.4. ஒரு வாரம் கழித்து கிரைஸ்ட்சர்ச்சில் புல்தரையில் 800 மீட்டர் 1:44.3. பழைய சாதனையிலிருந்து 1.4 விநாடி ஒரே நாளில் குறைந்தது. ஸ்நெல் 400 மீட்டரில் 48 விநாடியை ஒட்டி ஓடக்கூடியவர். இன்றைய கணக்கில் அது பெரிய வேகமில்லை. அந்த வேகத்தைத் தேயவிடாமல் கடைசிவரை கொண்டுபோகும் திறன் அவரிடம் இருந்தது. கடைசி 200 மீட்டரில் மற்றவர்கள் தளர்வார்கள், அவர் தளரமாட்டார். பார்க்கிறவர்களுக்கு அவர் வேகம் கூட்டுவதாகத் தெரியும்.

லிடியார்டைப் பின்பற்றியவர்களில் பாதிப்பேர் அவருடைய மைல்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர் வைத்தது கட்டம் கட்டமான ஆண்டுத் திட்டம். முதல் பத்து வாரம் நீண்ட ஓட்டம். அசைந்தாடும் மெல்லோட்டம் அல்ல, களைப்பின் விளிம்புக்குப் போகாத திடமான ஓட்டம். பிறகு சில வாரம் மேட்டில் தாவித் தாவி ஏறும் பயிற்சி. கால்களுக்கு வலு சேர்க்க அது. அதற்கும் பிறகுதான் மைதானத்தில் கடும் இடைவெளி ஓட்டம், அதுவும் போட்டிக்கு முந்தைய சில வாரங்கள் மட்டும். இடைவெளி ஓட்டத்தை அவர் தூக்கி எறியவில்லை. ஆண்டின் கடைசியில் கொண்டுபோய் வைத்து, குறுகிய காலம் மட்டும் அனுமதித்தார். கெர்ஷ்லர் ஒரு பயிற்சிக்குள் வைத்த எல்லையை லிடியார்ட் ஒரு பருவத்துக்குள் வைத்தார் என்று சொல்லலாம்.

இதற்கான அறிவியல் பின்னால்தான் வந்தது. 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹாலோசி எலிகளை மாதக்கணக்கில் டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவற்றின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்திறன் ஏறக்குறைய இரட்டிப்பானதைக் காட்டினார். அதுவரை தாங்குதிறன் என்றால் இதயமும் நுரையீரலும் என்றே எண்ணியிருந்தார்கள். தசைக்குள்ளேயே ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஆலைகள் பெருகுகின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓட்டத்திலிருந்து விலகிய ஸ்நெல் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, டாலஸில் உடற்பயிற்சி உடலியலாளராகவே வாழ்நாளைக் கழித்தார். தன்னை உருவாக்கிய முறைக்கு அவர் தந்த விளக்கம் இது: நீண்ட ஓட்டத்தில் மெதுவாகச் சுருங்கும் தசைநார்களின் கிளைகோஜன் முதலில் தீர்கிறது. அப்போது உடல் வேறு வழியில்லாமல் வேகநார்களை வேலைக்கு அழைக்கிறது. ஆக, 35 கிலோமீட்டரின் கடைசிப் பகுதியில் வேகநார்களும் தாங்குதிறன் பயிற்சி பெறுகின்றன. மலைப்பாதையில் ஓடிய ஓர் எண்ணூறு மீட்டர்க்காரர் கடைசி நேரத்தில் ஏன் தளரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

லிடியார்டுக்கு நேர் எதிர்த் துருவம் என்று பீட்டர் கோவைச் சொல்வார்கள். ஷெஃபீல்டைச் சேர்ந்த பொறியாளர். ஓட்டப் பின்னணி இல்லாதவர். பயிற்றுவித்தது தன் மகனை. மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தால் மெதுவாக ஓடத்தான் கற்றுக்கொள்வோம் என்று அவர் நம்பினார். மகன் செபாஸ்டியன் 800 மீட்டர் வேகத்தில் மட்டுமின்றி 400, 1500, 3000, 5000 மீட்டர் போட்டி வேகங்களிலும் மாறி மாறி, ஆண்டு முழுதும் பயின்றார். லஃபரோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் காண்டி தந்த உடல்வலுப் பயிற்சியும் சேர்ந்தது. 1979 கோடையில் 41 நாள்களுக்குள் 800 மீட்டர், ஒரு மைல், 1500 மீட்டர் மூன்றிலும் உலக சாதனை. 1981-இல் ஃபுளோரன்ஸில் ஓடிய 1:41.73-ஐ 1997-இல்தான் வில்சன் கிப்கெட்டர் முறியடித்தார். பீட்டர் கோவின் திட்டத்தில் கடுமை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரே வகைக் கடுமை அடுத்தடுத்து வராது. ஒரு வேகத்தில் களைத்த உடலுக்கு மறுநாள் வேறு வேகம். அதுவும் ஒரு வகை எல்லைதான்.

உடல்வலுப் பயிற்சியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடை தூக்கினால் ஓட்டக்காரன் கனத்துவிடுவான் என்ற பயம் நம் பயிற்சியாளர்களுக்கு இன்னும் உண்டு. ஃபின்லாந்தின் லீனா பாவோலைனென் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஒன்பது வாரம் தாவல், குறுவிரைவோட்டம், இலேசான எடையை வேகமாகத் தூக்குதல் ஆகியவற்றுக்குக் கொடுத்தவர்களின் 5 கிலோமீட்டர் நேரம் 3 சதவீதம் குறைந்தது. உச்ச ஆக்சிஜன் அளவு கூடவில்லை. அதே வேகத்தில் ஓட அவர்களுக்குக் குறைவான ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது, அவ்வளவே. தரையில் கால் படும் நேரம் குறைந்து, தசைநாண்களின் மீள்விசை கூடினால் ஒவ்வோர் அடியும் மலிவாகிறது.

இனி, கடும் ஓட்டத்தில் தசையில் உருவாகும் லாக்டேட். ஆங்கிலேய உடலியலாளர் ஏ.வி. ஹில், தானே ஓட்டக்காரர். தசையில் வெப்பம் உருவாவது பற்றிய ஆய்வுக்காக 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். முதுகில் காற்றுப்பையோடு புல்தரையில் ஓடவிட்டு, ஒரு மனிதன் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனுக்கு உச்சவரம்பு உண்டு என்று காட்டியது அவர் குழு. லாக்டிக் அமிலம் சேர்வதால்தான் தசை சோர்கிறது என்ற கருத்தும் அந்தக் காலத்தது. ஐம்பது அறுபது ஆண்டுகள் பயிற்சி உலகம் அதைப் பிடித்துக்கொண்டு, அமிலத்தைத் தாங்கப் பழக்குகிறோம் என்ற பெயரில் ஓட்டக்காரர்களை வதைத்தது. 1980-களில் கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் காட்டியது நேர்மாறானது. லாக்டேட் கழிவல்ல, எரிபொருள். ஒரு தசைநாரில் உருவாவதை அடுத்த தசைநாரும் இதயமும் எடுத்து எரிக்கின்றன. சோர்வுக்குக் காரணம் அதோடு சேர்ந்து பெருகும் ஹைட்ரஜன் அயனிகள், பாஸ்பேட் முதலிய பலவற்றின் கூட்டு. லாக்டேட் குற்றவாளியல்ல, சாட்சி. உடல் எவ்வளவு கடுமையாக உழைக்கிறது என்பதை ஒரு சொட்டு இரத்தத்தில் சொல்லிவிடும்.

அந்தச் சாட்சியை முறையாக விசாரித்தவர்கள் நார்வேக்காரர்கள். மாரியுஸ் பாக்கன் 5000 மீட்டர் வீரர், மருத்துவரும்கூட. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் இரத்தத்தை ஆயிரக்கணக்கான முறை சோதித்து ஒரு முறையை வகுத்தார். ஓய்வில் ஒரு லிட்டர் இரத்தத்தில் லாக்டேட் ஒரு மில்லிமோல் அளவில் இருக்கும். 800 மீட்டர் போட்டி முடிந்ததும் 20-ஐத் தாண்டலாம். உற்பத்தியும் செலவும் சமமாக இருக்கும் எல்லை பலருக்கு 2-க்கும் 4-க்கும் இடையில். பாக்கன் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழேயே நின்றார். அதையே ஒரே நாளில் காலை, மாலை இரு வேளையும் செய்தார்.

நார்வேயின் 1500 மீட்டர் வீரர் யாக்கோப் இங்கெப்ரிக்ட்சனும் அவர் சகோதரர்களும் வளர்ந்தது இந்த வழியில்தான். வாரத்தில் இரண்டு நாள் இரட்டைப் பயிற்சி. காலையில் ஆறு நிமிட ஓட்டம் ஐந்து முறை; மாலையில் 400 மீட்டர் இருபது, இருபத்தைந்து முறை, இடையில் அரை நிமிட ஓய்வு. விரலிலோ காது மடலிலோ குத்தி எடுத்த இரத்தம் எல்லையைத் தாண்டினால் வேகம் குறைக்கப்படும். வாரத்தில் ஒரு நாள் மேட்டில் 200 மீட்டர் இருபது முறை, அன்று மட்டும் கட்டுப்பாடில்லை. மிச்சமெல்லாம் மெல்லோட்டம். மொத்தம் வாரத்துக்கு 160 கிலோமீட்டருக்கும் மேல். லிடியார்ட் தன் உடலில் கண்ட எண்ணுக்கு, அறுபது ஆண்டு கழித்து, லாக்டேட் மீட்டரோடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். தசை சேதமடையாத வேகத்தில் ஓடுவதால் மறுநாளும் ஓட முடிகிறது. ஆண்டுக்கணக்கில் சேரும் அந்த மொத்த வேலைதான் பலன் தருகிறது.

2021-இல் டோக்கியோவில் யாக்கோப் 3:28.32 என்ற ஒலிம்பிக் சாதனையோடு 1500 மீட்டர் தங்கம் வென்றார். உலகமே நார்வே முறையைப் பிடித்துக்கொண்டது. ஆனால் 2022 யூஜின், 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டிகள் இரண்டிலும் கடைசி 200 மீட்டரில் பிரிட்டன் வீரர்கள் அவரைத் தாண்டினார்கள். 2024 பாரிஸ் இறுதியில் முதல் 400 மீட்டரை 55 விநாடிக்குள் இழுத்தவர், கடைசி நேர்கோட்டில் மூன்று பேர் தன்னைக் கடந்துபோகப் பார்த்தார். அமெரிக்காவின் கோல் ஹாக்கர் 3:27.65-இல் தங்கம். நான்காவதாக வந்த யாக்கோபின் நேரம் 3:28.24, டோக்கியோவில் தங்கம் தந்த நேரத்தைவிடக் குறைவு. சில நாளில் அதே ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் தங்கத்தையும் அவர் வென்றார்.

இதை வைத்து நார்வே முறை தோற்றது என்பவர்கள் அவசரக்காரர்கள். தொடக்க வேகத்தைத் தவறாகக் கணித்தார் என்பது முதல் காரணம். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. எல்லைக்குக் கீழே நின்று செய்யும் பயிற்சி உங்களை இறுதிப் போட்டியின் கடைசி வளைவுவரை களைப்பின்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு மேல் தேவைப்படும் வெறும் வேகம் வேறு பயிற்சியிலிருந்து வர வேண்டும், ஓரளவு பிறப்பிலிருந்தும் வர வேண்டும்.

பிறப்பு என்றதும் இன்னொரு கேள்வி எழுகிறது. 1964-இல் ஸ்நெல் 800, 1500 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1976-இல் கியூபாவின் ஆல்பர்ட்டோ ஹுவாந்தொரேனா 800-ஐயும் 400-ஐயும் வென்றார். அவருடைய 400 மீட்டர் நேரம் 44.26. ஸ்நெல் 800-க்கு மேலுள்ள தூரத்திலும் வென்றவர், ஹுவாந்தொரேனா அதற்குக் கீழுள்ள தூரத்திலும் வென்றவர். இருவருக்கும் ஒரே பயிற்சி எப்படிப் பொருந்தும்? நியூசிலாந்தில் ஆய்வு செய்த காரெத் சாண்ட்ஃபோர்ட், ஒருவருடைய உச்ச விரைவுக்கும், ஆக்சிஜனை மட்டும் நம்பி ஓடக்கூடிய வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, 800 மீட்டர்க்காரர்களை மூன்று வகையாகப் பிரித்தார்: 400 பக்கம் சாய்ந்தவர், 1500 பக்கம் சாய்ந்தவர், நடுவில் நிற்பவர். முதல் வகையினரை வாரம் 160 கிலோமீட்டர் ஓடவைத்தால் அவர்களிடம் இருக்கும் ஒரே ஆயுதத்தையும் மழுக்கிவிடுவோம். பயிற்சி முறைகளின் சண்டையில் பாதி, வெவ்வேறு வகை உடல்களை வைத்துக்கொண்டு ஒரே முறையை நிறுவப் பார்த்ததால் வந்தது என்பது என் எண்ணம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். மேலே சொன்னவை எல்லாம் வென்றவர்களின் கதைகள். அதே மலைப்பாதையில் ஓடி முழங்கால் போனவர்களைப் பற்றி நூல்கள் வருவதில்லை. ஆய்வுக்கூடச் சோதனைகளோ பெரும்பாலும் சில வாரங்களே நீடிப்பவை. பங்கேற்பவர்கள் உச்ச வீரர்கள் அல்லர், பெரும்பாலும் ஆண்கள். பத்தாண்டில் விளையும் ஒன்றை ஒன்பது வாரத்தில் அளப்பதன் வரம்பை மனதில் வைத்தே எதையும் படிக்க வேண்டும்.

ஹுவாந்தொரேனா வென்ற 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் 800 மீட்டர் இறுதியில் முதல் சுற்றை முன்னின்று இழுத்தவர் இந்திய ராணுவ வீரர் ஸ்ரீராம் சிங். 50.85 விநாடி. அந்த வேகம் ஹுவாந்தொரேனாவை 1:43.50 என்ற உலக சாதனைக்குக் கொண்டுபோனது. ஸ்ரீராம் ஏழாவதாக வந்தார், நேரம் 1:45.77. அந்த இந்தியச் சாதனை 2018-இல் கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடும்வரை 42 ஆண்டுகள் நின்றது. பெருமை பேசுவதற்கு உரிய எண் அல்ல அது. ஸ்ரீராம் ஓடிய விதம் மட்டும் தவறில்லை. 800 மீட்டர் உலக சாதனைகளில் பெரும்பாலானவற்றில் முதல் சுற்றே வேகமானது. தொடக்கத்தில் வேகம் எடுத்தால் உடல் ஆக்சிஜனை வாங்கிக்கொள்வதும் சீக்கிரமே உச்சத்துக்கு ஏறுகிறது. 1500-இல் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே அடக்கிவைத்தவனுக்கே கடைசிச் சுற்று.

பயிற்சி செய்யும் இடத்தின் உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1968-இல் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் கென்யாவின் கிப் கெய்னோ 1500 மீட்டரில் உலக சாதனையாளர் ஜிம் ரயனைக் கிட்டத்தட்ட மூன்று விநாடியில் வென்றதும் எல்லோரும் மலைக்கு ஓடினார்கள். 1997-இல் ஆய்வாளர்கள் லெவைனும் ஸ்ட்ரே-குண்டர்சனும் காட்டியது, 2,500 மீட்டரில் வசித்து, கீழே இறங்கி 1,250 மீட்டரில் பயிற்சி செய்தவர்களே அதிகம் முன்னேறினார்கள் என்பது. மேலே இரத்தச் சிவப்பணு கூடுகிறது. கீழே கால்கள் வேகம் இழக்காமல் இருக்கின்றன. உதகமண்டலம் ஏறத்தாழ மெக்சிகோ நகரின் உயரம். இறங்கி வந்தால் மேட்டுப்பாளையம் சமவெளி. இப்படிப்பட்ட நிலம் உலகில் பல நாடுகளுக்கு இல்லை.

ஆனால் சிவப்பணு கூட இரும்புச்சத்து வேண்டும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. ஓட்டக்காரப் பெண்ணுக்கு இழப்பு இன்னும் அதிகம். உழைப்புக்கு ஈடாகச் சாப்பிடாதபோது மாதவிடாய் நின்று, எலும்பு நலிந்து, ஓட்டமும் தேயும் நிலையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் தனிக் குறைபாடாகவே பெயரிட்டு வகைப்படுத்தியது. ஒரு பெண்ணின் நேரம் காரணமில்லாமல் சரிந்தால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். எத்தனை மாவட்டப் பயிற்சியாளர்கள் பார்க்கிறார்கள்?

தமிழ்நாட்டில் 1500 மீட்டர் ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் தடகள வீரர்கள் அல்லர். காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். ஆண்கள் ஏழு நிமிடத்தில் முடித்தால் தகுதி. அதாவது 400 மீட்டருக்கு 112 விநாடி. விடியற்காலையில் எந்த ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் அவர்களைப் பார்க்கலாம். பெரும்பாலோர் செய்வது ஒன்றே: கையில் போன், தினமும் 1500 மீட்டர், தினமும் உயிரைக் கொடுத்து. மூன்று வாரம் நேரம் குறையும். அப்புறம் அசையாது. அதற்கும் அப்புறம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கும்.

இவர்களுக்கு லாக்டேட் மீட்டர் தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிறவனோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே போதுமான அளவுகோல். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் அந்த வேகத்தில் அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம். ஒரு நாள் 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 108 விநாடியை ஒட்டி, நடுவில் ஒன்றரை நிமிட நடை. ஆறாவதை முதலாவதின் நேரத்தில் ஓட முடியவில்லையென்றால் அடுத்த வாரம் ஐந்து போதும். இன்னொரு நாள், மெல்லோட்டம் முடிந்தபின், எண்பது மீட்டர் ஆறேழு முறை, உடம்பை இறுக்காமல் வேகமாக. ஒரு நாள் முழு ஓய்வு. இதை எட்டு வாரம் செய்துவிட்டு, தேர்வுக்குப் பத்து நாள் முன்பு ஒரே ஒரு முறை 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். தேர்வு நாளில் முன்னால் பாயும் கூட்டத்தோடு சேர்ந்து முதல் சுற்றை 100 விநாடிக்குள் ஓடுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. 110-இல் ஓடுகிறவன் மூன்றாவது சுற்றில் அவர்களைத் தாண்டிக்கொண்டிருப்பான்.